பழசெல்லாம் வருகிறது

புதுப் போன் கையில் வழுக்குகிறது. பழையதைவிடப் பெரிது, கனமும் கூட. பாஸ்வேர்டு கேட்டுக் கேட்டு என் உயிரை வாங்கிவிட்டு, இப்போது பழைய போனில் இருப்பதையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது. துபாயிலிருந்து என் கணவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் ஒன்று விடாமல் ஏறுகின்றன. பாதியை நான் கேட்டதே இல்லை.

சின்ன வயதில் எங்கள் திருத்துறைப்பூண்டி வீட்டில் இருந்தது ஒரே ஒரு கேசட். சவுதியில் வேலை பார்த்த அத்தா அதில் பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார். டேப்பில் அவர் சலாம் சொன்னதும் அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அவர் எதிரே நிற்பதுபோலப் பதில் சலாம் சொல்வாள். நடவு முடிந்ததா என்று அத்தா கேட்பார். பின்னால் ஏசி இரையும். கேட்டு முடித்ததும் அதே கேசட்டில், அவர் குரல்மேலேயே நாங்கள் பேசித் திருப்பி அனுப்புவோம்.

"அத்தா பேசுனது அழிஞ்சிடுமேம்மா?"

"அழிஞ்சா என்ன புள்ள? அவங்கதான் நேர்ல வரப்போறாங்களே."

வந்தார். கொஞ்ச காலம் எங்களோடு இருந்தார். மவுத்தாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. அவர் குரல் இப்போது எதிலும் இல்லை.

"என்ன புள்ள அது, சுத்திக்கிட்டே இருக்கு?" அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பழசெல்லாம் இதுக்குள்ள வருதும்மா."

"எல்லாமா?"

"எல்லாந்தாம்மா," என்றேன் அலுப்போடு.

அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.