நான் பொருத்திய கண்ணாடி

பிள்ளைகளே, நான் மேலூர்ப் பக்கம் குண்டு துளைக்காத சொகுசு கார்கள் செய்யும் கம்பெனியில் கண்ணாடி பொருத்துபவன். ஒவ்வொரு காருக்கும் பூசை போட்டதும், கண்ணாடியில் சுத்தியலால் ஓர் அடி அடித்துக் காட்டுவேன்.

அன்றும் அடித்தேன். காரை ஓட்டிப் பார்க்க ஏறிய டிரைவர் பாண்டி சிரித்தான்.

"ஏண்ணே, நான் உள்ள மாட்டிக்கிட்டாலும் உடையாதோ?"

"எமனே வந்தாலும் உடையாது மாப்ள," என்றேன் பெருமையாக.

கொஞ்ச நேரத்தில் பிரேக் பிடிக்காமல் கார் கம்பெனிக்குப் பக்கத்துக் கண்மாய்க்குள் இறங்கிவிட்டது. கனத்த கதவுகள் தண்ணீருக்குள் திறக்கவில்லை. அதே சுத்தியலோடு ஓடினேன். வெளியே தெரிந்த பின்கண்ணாடியில் மாறி மாறி அடித்தேன். கீறல் விழுந்ததே தவிர உடையவில்லை. கீறல் பரவப் பரவ, உள்ளே இருந்த பாண்டியின் முகம் எனக்குத் தெரியாமல் போனது.

உள்ளே இருப்பவனைப் பற்றி அதுவரை நான் யோசித்ததே இல்லை. இப்போது தினமும் யோசிக்கிறேன். யாருக்கு என்ன பயன்?