ரசமட்டக் கொத்தனாரும் நடுச்சுவரும்

நான் சித்தாள் வேலைக்கு வந்த முதல் மாதம். பிள்ளை பெற்று மூன்று மாதம்கூட ஆகவில்லை. மாடியில் ஒரு கொத்தனார் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார். கீழே கலந்த கலவையைச் சட்டியில் வாரி, தலையில் வைத்து, ஏணியேறி அவர் பக்கத்தில் கொட்டுவது என் வேலை. நாலாவது படியிலேயே எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும். எப்படியோ மேலே போய்ச் சேர்ந்தால், முந்தின சட்டிக் கலவையே பாதி மீதி இருக்கும்.

"இருக்கு தங்கச்சி, அவசரம் இல்ல. அந்தச் செங்கல் மேல செத்த நேரம் உட்காரு" என்பார்.

கீழேயிருந்து மேஸ்திரி சத்தம் போடுவார். "என்னய்யா, சுவரு கட்டுறியா, சுவருக்குத் தாலாட்டு பாடுறியா?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டு சிரிப்பார். கை மந்தமான மனிதர்போல என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் வேறொரு வீட்டில் அவருக்குக் கலவை தூக்கியவள் வாட்டசாட்டமான பெண். அவள் சட்டியைக் கொட்டிவிட்டு ஏணியில் பாதி இறங்குவதற்குள் "எங்கம்மா கலவை?" என்று மேலேயிருந்து குரல் வந்துவிடும். மணல் சலித்துக்கொண்டிருந்த நான் சல்லடையைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன். ஒரு மாதமாக அவர் வாங்கிய திட்டெல்லாம் யாருக்காக என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அதைப் பற்றி அவர் ஒரு நாளும் வாயைத் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. காலையில் ஆண்டவனிடம் என் பிள்ளைகளைச் சொல்லும்போது அவரையும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தேன்.

அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் அவரோடுதான் வேலை செய்தேன். அவரை எல்லாரும் ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். சுவரின் மட்டம் பார்க்கிற கருவியின் பெயர் அது. மனிதருக்கோ கழுத்து இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். கேலிக்கு வைத்த பேர் மரியாதைப் பேராகிவிட்டது. புது வீடு கட்டும் வேலையை விட்டுவிட்டு அவர் பழுது பார்க்கும் வேலைக்கு வந்துவிட்டிருந்தார். உப்பரித்த செங்கல், வாய் பிளந்த மூலை, பிடி விட்ட கருங்கல் அடித்தளம் என்று எதற்கும் அவரைத்தான் தேடி வருவார்கள். சுத்தியலின் மரக்காம்பால் சுவரைத் தட்டி, சாய்ந்த தலையை இன்னும் சாய்த்து, காது கொடுத்துக் கேட்பார்.

அந்தப் பழக்கம் அவரை எங்கேயும் விடாது. துக்கம் விசாரிக்கப் போன ஒரு வீட்டில் எல்லாரும் அழுதுகொண்டிருக்கும்போது, இவர் எழுந்து இரண்டு பாட்டிமாரை இடம் மாற்றி உட்கார வைத்தார். அவர்கள் தலைக்கு மேலே விரிசல் இருந்ததாம். "செத்தவரைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல, செவுத்தைப் பத்தி ஒம்பது வார்த்தை" என்று அவர் மனைவி வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

இப்போது நடுச்சுவர் விஷயத்துக்கு வருகிறேன்.

ஒட்டிக் கட்டிய இரண்டு வீடுகள். ஒன்றில் அண்ணன், அவர் பெரியவர்; மற்றதில் தம்பி, சின்னவர். தகப்பனார் இருந்தபோது ஒரே வீடாக இருந்தது, பிறகு பிரித்துக்கொண்டார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். சுண்ணாம்பு வைத்துக் கட்டிய பழைய செங்கல் சுவர். பெரியவர் பக்கத்தில் அதன் அடிப்பாகம் அரித்துப்போனபோது எங்களைக் கூப்பிட்டார்கள். ரசமட்டம் அண்ணன் செங்கல் இடுக்குகளைச் சுரண்டி, சிமெண்ட் கலவையால் அடைத்து, அதன் மேல் இடுப்பு உயரம்வரை சிமெண்ட் பூச்சும் பூசினார். "இன்னொரு சட்டி சிமெண்ட் சேர்த்துப் போடு தங்கச்சி. கல்லு மாதிரி நிக்கட்டும்" என்றார். நான்தான் போட்டுக் கலந்தேன்.

பத்து வருஷம் ஓடியது. சின்னவரின் மனைவிக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. கட்டிலிலிருந்து நாலு எட்டில் போய்வரும்படி, அந்த நடுச்சுவரை ஒட்டியே சின்னவர் ஒரு குளியலறை கட்டினார். சுவரில் பிடிகம்பியும் அடித்துக் கொடுத்தார். அந்த அம்மா அதைப் பிடித்துக்கொண்டு யார் துணையும் இல்லாமல் போய்வரப் பழகிக்கொண்டார். "இனிமே ஒருத்தரையும் எதிர்பார்க்க வேண்டாம்" என்று அவர் சொன்னபோது அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த மழையில் பெரியவர் வீட்டுப் பக்கம் சுவர் ஊறியது. பூச்சுக்கு மேலே, நெஞ்சு உயரத்தில், பெயிண்ட் கொப்பளித்து உதிர்ந்தது. அலமாரித் துணியெல்லாம் பூசணம். குளியலறைத் தண்ணீர்தான் காரணம் என்றார் பெரியவர். குழாயில் ஒரு சொட்டுக் கசிவு கிடையாது என்றார் சின்னவர். வார்த்தை தடித்தது. பேச்சு நின்றது. இரண்டு வருஷம் அண்ணனும் தம்பியும் தெருவில் எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போவார்கள். அக்கா தங்கையாகப் பழகிய ஓரகத்திகள் இரண்டு பேரும் வீட்டுக்காரர்களுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டார்கள். கடைசியில் பெரியவர், குளியலறையை இடி, இல்லையென்றால் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆள் அனுப்பினார்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது. ரசமட்டம் வந்து சுவரைத் திறந்து பார்க்கட்டும், அவர் வாயில் வருகிறதுதான் முடிவு.

காலையில் போனோம். அண்ணனும் தம்பியும் முற்றத்தில் ஆளுக்கொரு நாற்காலியில் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார்கள். அறைக்குள் நானும் அவரும் மட்டும். உளி வைத்துப் பூச்சைப் பெயர்த்தார். பலகை பலகையாகக் கழன்று விழுந்தது. நான் குனிந்து உள்ளே பார்த்தேன். நாங்கள் இடுக்கில் அடைத்த சிமெண்ட் மட்டும் கட்டம் கட்டமாக அப்படியே நின்றது. கட்டத்துக்குள் இருக்க வேண்டிய செங்கல் இல்லை. சிவப்பு மாவாகக் கொட்டியது.

குளியலறையை ஒட்டிய இடத்தில் இரண்டு செங்கலைத் தோண்டிப் பார்த்தார். ஈரம் அதிகமில்லை. குளியலறையே இல்லாத அந்தக் கோடியில் தோண்டினார். கை நனைந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"குளியலறைத் தண்ணி இல்லைங்களாண்ணே?" என்றேன்.

"இல்ல. மண்ணு ஈரம். எப்பவும் ஏறுற ஈரம்தான். முன்னெல்லாம் சுண்ணாம்பு வழியா வெளிய போயி காஞ்சிடும். நான் சிமெண்டை வெச்சு அதோட வாயைப் பொத்திட்டேன். போக வழியில்லாம உள்ளயே நின்னு கல்லைத் தின்னுடுச்சு. மிச்சம் பூச்சுக்கு மேல ஏறியிருக்கு."

எனக்கு உடனே தோன்றியதைச் சொல்லிவிட்டேன். என் மனதில் இருந்ததெல்லாம் அவர் பேர்தான். "மண்ணு ஈரம்னு மட்டும் சொல்லிடுங்கண்ணே. பொய் இல்லையே. அந்தம்மா குளியலறையும் தப்பிச்சிடும். நம்மளையும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அவர் கையிலிருந்த சிவப்பு மாவை வெகுநேரம் பார்த்தார். என் யோசனை அவருக்கும் தோன்றாமல் இல்லை என்று முகத்தில் தெரிந்தது.

"பாதியைச் சொன்னா, ஈரத்தைத் தடுக்கணும்னு இன்னொரு ஆளைக் கூப்பிட்டு, இதைவிடக் கெட்டியா சிமெண்ட் பூசுவாங்க தங்கச்சி. அடுத்த தடவை சுவரே இடிஞ்சு வந்துடும். அந்தப் பக்கம் ஓடி வர முடியாத பொம்பள படுத்திருக்கு."

எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டார். நின்ற கட்டங்களைக் காட்டினார். நனைந்த இடத்தையும் காய்ந்த இடத்தையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். "சின்னவர் மேல தப்பு இல்லைங்க. அவரு குளியலறைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இது நான் செஞ்ச வேலை. கெட்டியா இருந்தா நல்லதுன்னு நினைச்சேன். இந்தச் சுவருக்கு அது ஆகாது. பழைய வேலை பார்க்கிறவனுக்கு அது தெரிஞ்சிருக்கணும்" என்றார். என்னைக் காட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பெரியவர் நனைந்த விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகத்தான் சொன்னார். "உன் பூச்சுக்காக நான் ரெண்டு வருஷம் கூடப்பொறந்தவன் மூஞ்சியைப் பார்க்கலையேய்யா. இனிமே என் வீட்டுச் சுவருல உன் பூச்சுக் கரண்டி படக் கூடாது."

"சரிங்க" என்றார் இவர்.

சேதி பரவாமல் இருக்குமா? இவரிடம் வேலை பேசி வைத்திருந்த மூன்று வீட்டுக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். இவரோ, அதே மாதிரி சிமெண்ட் அடைத்த பழைய வீடுகளை ஞாபகப்படுத்தி எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றாகப் போய்க் கதவைத் தட்டினார். "ரசமட்டத்துக்குப் புத்தி பிசகிடுச்சு, தன் வேலையைத் தானே குத்தம் சொல்லிக்கிட்டு அலையுது" என்று சக கொத்தனார்களே சிரித்தார்கள்.

நடுச்சுவர் வேலையைப் பெரியவர் இன்னொருவரிடம் கொடுத்தார். குள்ளக் கொத்தனார் என்போம் அவரை. சுண்ணாம்பு வேலையில் நல்ல கை. என்னையும் கூப்பிட்டிருந்தார். முதல் நாள் காலை நான் போனபோது, ரசமட்டம் அண்ணன் வாசலில் கலவைச் சட்டியோடு நிற்கிறார்.

பெரியவர் வெளியே வந்தார். "இவன் எதுக்கு வந்திருக்கான்?"

"கரண்டி எடுத்துட்டு வரலீங்க. சட்டிதான்" என்றார் இவர்.

பெரியவர் வா என்று சொல்லாமல் உள்ளே போய்விட்டார். போ என்றும் சொல்லவில்லை.

குள்ளக் கொத்தனாருக்குத்தான் சங்கடம். "அண்ணே, நீங்க தூக்கி வந்து நான் பூசுறதா? எனக்குக் கை நடுங்குது."

"நடுங்கினா வரிசை கோணிக்கும். நீ சுவரைப் பாரு, என்னைப் பார்க்காதே."

சும்மாடு சுற்றக்கூட அவருக்குத் தெரியவில்லை. நான்தான் துண்டை வாங்கிச் சுற்றித் தலையில் வைத்துவிட்டேன். "இத்தனை வருஷம் எங்க தலையில ஏத்தினீங்களே, இப்ப தெரியுதா?" என்றேன்.

"நல்லாத் தெரியுது தங்கச்சி. கழுத்து இந்தப் பக்கமும் சாய்ஞ்சு இனிமே நேராயிடும் பாரு."

சுவரை ஒரேயடியாக இடிக்க முடியாது. மேலே கூரை நிற்கிறது. முட்டுக் கொடுத்து, ஒரு முழம் எடுத்து, அதைக் கட்டி முடித்து, அது இறுகும்வரை காத்திருந்து, பிறகுதான் அடுத்த முழம். இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் அவர் சட்டி தூக்கினார். கரண்டியைத் தொடவில்லை. குள்ளக் கொத்தனார் ஒரு தடவை தண்ணீர் குடிக்கப் போகும்போது கரண்டியை நீட்டி "பிடிங்கண்ணே" என்றதற்கு, "தரையில வெச்சிட்டுப் போப்பா" என்றுவிட்டார்.

நடுப்பகுதியில் ஓர் இடம் முழுக்கவே பொடிந்துபோயிருந்தது. எடுத்ததும் அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது. பெரியவர் மனைவி எட்டிப் பார்த்தார். நேர் எதிரே கட்டிலில் ஓரகத்தி.

"அக்கா" என்றார் அந்த அம்மா, குழறிய வாயோடு.

"ஐயோ, எப்படி இளைச்சுட்டே. சாப்பிடுறியா இல்லையா? உங்க வீட்டுக்காரரு சமைக்கிறாராமே, தெருவெல்லாம் தீஞ்ச வாடை."

"எனக்கு மூக்கும் விழுந்திருக்கலாம்க்கா" என்றார் அவர்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு இரண்டு பேரும் அழுதார்கள். நாங்கள் கலவையைக் கிளறுகிற சாக்கில் திரும்பிக்கொண்டோம். மறுநாளிலிருந்து அந்த ஓட்டை வழியாக ஒரு கிண்ணம் போகும், ஒரு கிண்ணம் வரும். அதை அடைக்கிற நாள் வந்தபோது பெரியவர் மனைவி, "இன்னும் ரெண்டு நாள் போகட்டுமே" என்றார். பெரியவர் அங்கேதான் நின்றிருந்தார். "ஓட்டை வழியா என்ன பேச்சு? வாசல் வழியாப் போ" என்றார். சொல்லிவிட்டு, தானே முதலில் வாசலைத் தாண்டித் தம்பி வீட்டுக்குள் போனார். உள்ளே என்ன பேசினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது, ஏணியடியில் நின்ற ரசமட்டத்தைப் பார்த்து, "சட்டியை இறக்கி வை. டீ ஆறுது" என்றார். கரண்டி விஷயத்தில் மட்டும் அவர் சொன்னது சொன்னதுதான். இவரும் கடைசிவரை கேட்கவில்லை.

அதன் பிறகு அவர் மூன்று வருஷம்தான் வேலை செய்தார். நெஞ்சில் தூசி அடைத்துவிட்டது என்றார் டாக்டர். நாலு எட்டு நடந்தால் மூச்சு இரைத்தது. மகள் வந்து தன் வீட்டுக்கு அழைத்துப் போக ஏற்பாடு செய்தாள். புறப்படுகிற அன்று காலை போய்ப் பார்த்தேன். திண்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். ஆண்டவன் நல்லபடியாக வைத்திருப்பார் என்று சொன்னேன். தலையசைத்தார். வண்டி வந்தது. நானும் மகளும் இரண்டு பக்கமும் பிடித்து ஏற்றினோம். ஏறி உட்கார்ந்து, மூச்சு அடங்கும்வரை என் கையை விடாமல் பிடித்திருந்தார். அடுத்த மழைக்குள் அவர் கண்ணை மூடிவிட்டார். அன்றைக்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

வண்டி நகருவதற்கு முன் அவர் சொன்னது இதுதான்: "மழை விட்டதும் அந்த நடுச்சுவரை ஒரு தடவை தொட்டுப் பாரு தங்கச்சி. ஈரம் ஏறியிருந்தா, எனக்கு உடம்பு சரியில்லையேன்னு மறைக்காதே. எனக்குச் சொல்லி அனுப்பு."