அண்ணியிடம் கேட்க வேண்டியது

கட்டியை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த ஒரு வங்கி மேனேஜர். இடது பக்கக் கண்ணாடியைப் பாருங்கள் என்று அண்ணி சொல்ல, மனிதர் கண்ணாடியை விட்டுவிட்டு அண்ணியின் கழுத்தைப் பார்த்திருக்கிறார். "மேடம், நீங்க தண்ணி குடிக்கறப்போ கழுத்துல என்னமோ ஏறி இறங்குது" என்றாராம். "ரோட்டைப் பாருங்க சார், என் கழுத்து எங்கயும் ஓடிப் போயிடாது" என்று அண்ணி அவர் வாயை அடைத்துவிட்டார். ஆனால் வண்டியை நிறுத்திவிட்டு நேரே என் மேஜைக்கு வந்து, "நல்லாப் பாரு" என்று ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துக் காட்டினார். திராட்சைப் பழம் அளவுக்கு ஒன்று மேலே போய்க் கீழே வந்தது.

அண்ணி அந்த டிரைவிங் ஸ்கூலில் பயிற்சி கொடுக்கிறவர். நான் அங்கேயே ரசீது போடுகிறேன். வீட்டில் என் பெயர் ஒலிபெருக்கி. அண்ணியோ அதற்கு நேர்மாறு. கற்றுக்கொள்ள வந்தவர் லாரியைப் பார்த்து வண்டியை விட்டால்கூடக் குரல் ஏறாது. "இப்ப என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு, தன் பக்கத்து பிரேக் மேல் காலை வைத்துக்கொண்டு காத்திருப்பார். நானாக இருந்தால் தலையில் ஒரு குட்டு வைத்திருப்பேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். தைராய்டில் கட்டி. ஊசியால் அதிலிருந்து துளி எடுத்துச் சோதித்ததில் வந்த முடிவோ இரண்டுங்கெட்டான்.

"கேன்சர்னும் சொல்ல முடியல, இல்லவே இல்லைன்னும் சொல்ல முடியல" என்றார் டாக்டரம்மா. "மறுபடி ஊசி போட்டுப் பாக்கலாம். இல்ல, ஆபரேஷன் பண்ணி அந்தப் பக்கத்துப் பாதித் தைராய்டை எடுத்துடலாம். ஸ்கேன் எடுத்துக் கவனிச்சுக்கிட்டும் வரலாம். உங்களுக்கு எது சரின்னு படுது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "டாக்டருக்குப் படிச்சது நீங்களா, நாங்களா? துணிக்கடைல கலர் கேக்கற மாதிரி கேக்கறீங்களே!" என்றேன்.

"எடுத்துடுங்க டாக்டர். மொத்தமா எடுத்துடுங்க" என்றார் என் அண்ணன்.

"கழுத்துல கத்தி வெச்சுக் குரல் போயிட்டா? நாள் முழுக்கப் பேசற வேலை அண்ணா!" என்று நான் அவர் மேல் பாய்ந்தேன்.

டாக்டரம்மா எங்கள் இருவரையும் விட்டுவிட்டு அண்ணியையே பார்த்தார். ஊருக்கெல்லாம் "என்ன பண்ணப் போறீங்க" என்று கேட்கிற அண்ணி, மேஜை மேல் இருந்த பிளாஸ்டிக் தொண்டை மாதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்துவிட்டார்.

வீட்டில் அண்ணன் ஆபரேஷனுக்கு நாளே பார்த்துவிட்டார். எதையும் முளையிலேயே கிள்ளிவிட வேண்டும் என்பது அவர் கட்சி. அண்ணி 'ஆம்' என்றும் சொல்லவில்லை, 'வேண்டாம்' என்றும் சொல்லவில்லை. ஏன் இந்த மௌனம்? எனக்கு மண்டை வெடித்துவிடும் போல் இருந்தது. பாத்திரம் கழுவும் இடத்தில் மடக்கினேன்.

"குரல் போயிடும்னு பயமா அண்ணி?"

"இல்ல."

"தழும்பு?"

"இந்த வயசுல என் கழுத்தை யாரு பாக்கப் போறா? அந்த மேனேஜரா?"

"அப்புறம் என்னதான் பயம்?"

"கட்டி எனக்கு, எச்சில் முழுங்கறது நீ. தள்ளு, தட்டைக் கழுவணும்."

அடுத்த முறை போனபோது டாக்டரம்மா எடுத்தவுடனே சொல்லிவிட்டார். "உங்க வீட்டுக்காரரோட பயம் எனக்குப் புரிஞ்சது. உங்க நாத்தனாரோட பயம் வெளிய வரிசைல இருந்தவங்களுக்கும் புரிஞ்சிருக்கும். உங்க பயம்தான் இன்னும் தெரியல."

அண்ணி "மயக்க மருந்துதான்" என்றார்.

அண்ணன் சிரித்தே விட்டார். "இவ்வளவுதானா! அது தூங்கற மாதிரிம்மா."

"தூங்கினேனே, பையன் ஆபரேஷன்ல பொறந்தப்போ." அண்ணி டாக்டரம்மாவைப் பார்த்தே பேசினார். "கண்ணு முழிச்சா, கருத்தடையும் பண்ணி முடிச்சிருக்காங்க. இவரு கையெழுத்துப் போட்டுட்டாரு. என் நல்லதுக்குத்தானாம். எனக்கு இன்னொரு குழந்தை வேணும்னு ஆசை இருந்துச்சு. என்கிட்ட யாரும் கேக்கல."

எனக்கு இது தெரியவே தெரியாது. அண்ணன் மேல் வந்த கோபத்தில் காது சுட்டது, அண்ணியைப் பார்த்தால் அழுகை வந்தது. அண்ணன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "ஆபரேஷன் பண்றதா இருந்தா, பாதின்னு நீங்க சம்மதிச்சா பாதிதான். அதுக்கு மேல எடுக்க வேண்டி வந்தா, நீங்க முழிச்சப்புறம் உங்ககிட்ட கேட்டுத்தான். மயக்க மருந்து கொடுக்கறவரையும் முன்னாடியே பாத்துப் பேசலாம்."

"நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"எடுத்துடுவேன். என்னன்னு தெரியாம இருந்தா எனக்குத் தூக்கம் வராது. ஆனா அது என் சுபாவம்."

அண்ணி முதன்முறையாகச் சிரித்தார். "அடுத்து என்ன நடக்கும்னு தெரியாம உக்காந்திருக்கறதுதான் டாக்டர் என் பொழப்பே. சரி, காத்திருந்தா அதுக்குள்ள முத்திப் போயிடுமா?"

"உங்க ஸ்கேன்ல பயப்படற மாதிரி அடையாளம் எதுவும் இல்ல. அப்படியே கேன்சரா இருந்தாலும் இந்த வகை பெரும்பாலும் மெதுவாத்தான் வளரும். கொஞ்ச நாள் பொறுக்கறதுல பெரிய ஆபத்து இல்ல. ஆனா குரல் மாறினாலோ, முழுங்கக் கஷ்டமா இருந்தாலோ, கட்டி சட்டுனு பெருசானாலோ தேதிக்குக் காத்திருக்காம ஓடி வந்துடணும்."

"வந்துடறேன். மூணு மாசம் கழிச்சு இன்னொரு ஊசி போட்டுப் பாப்போம். ஆபரேஷனை அதுக்கப்புறம் பேசிக்கலாம்."

"எனக்கும் சம்மதம்" என்றார் டாக்டரம்மா. எழுதியதை அண்ணி பக்கம் திருப்பி ஒரு முறை படித்துக் காட்டினார்.

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் அண்ணன் கதவைத் திறக்காமல் நின்றார். "ஒருவேளை அப்போ கேன்சர்னு வந்துட்டா?"

"அப்பவும் முதல்ல என்கிட்ட கேளுங்க."

அண்ணன் தலையாட்டினார். கார் கூரையில் இல்லாத தூசியைத் தட்டினார். "அன்னைக்கும் உன்கிட்ட கேட்டிருக்கணும்" என்றார்.

"ஆமா, கேட்டிருக்கணும்."

பரவாயில்லை விடுங்க, பழைய கதை என்று அண்ணி சொல்லிவிடுவார் என்று நானும்தான் காத்துக்கொண்டு நின்றேன். அவர் சொல்லவில்லை.