அக்கா பேசிய என் பேச்சு

மழை விட்டு இன்று காலைதான் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்தது. அம்மா என் தலைப்பட்டியைக் கழுவி, வாசல் திண்ணையான இஸ்தோப்பில் கட்டிய கொடியில் காயப் போட்டிருந்தார். ஈர எலாஸ்டிக்குக்கு ஒரு மணம் உண்டு, உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. ரப்பரும் வியர்வையும் தைலமும் கலந்த மணம். மூக்கில் ஏறியதும் எனக்கு மலர் அக்காவின் ஞாபகம் வந்துவிட்டது.

பிறக்கும்போது மூளைக்குக் காற்றுப் போதாமல் போனதால் என் கையும் காலும் நாக்கும் நான் சொல்கிறபடி கேட்பதில்லை. பெருமூளை வாதம் என்று ஆஸ்பத்திரியில் எழுதினார்கள். ராகலைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளில் வேறு பெயர்களும் வைத்தார்கள், அவை இங்கே வேண்டாம். நான் பேசினால் மற்றவர்களுக்கு முனகல்போலத்தான் கேட்கும். நாள் முழுக்கக் கொழுந்து எடுக்கப் போய்விடும் அம்மாவுக்கே பாதிதான் விளங்கும். அந்த நாட்களில் அக்காவுக்கு மட்டும் எல்லாம் விளங்கும். நான் தொடங்கினால் அவள் முடித்துவிடுவாள். கடைக்காரரோ டாக்டரோ, யாராக இருந்தாலும், "இவங்களுக்கு என்ன வேணுமாம்?" என்று அவளிடம்தான் கேட்பார்கள். நான் பக்கத்திலேயே சக்கர நாற்காலியில் இருப்பேன், கூட வந்த மூட்டை மாதிரி.

அப்போது வலப்பனையிலிருந்து அக்காவைப் பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை மரக்கறி லொறி ஓட்டுகிறவர். அக்காவுக்குப் பிடித்திருந்தது, அது எனக்குத் தெரியாதா? ஆனால் அவள் அம்மாவிடம் சொன்னது தகர மறைப்பைத் தாண்டிக் கேட்டது.

"நான் போயிட்டா இவ பேசுறது யாருக்கும்மா வெளங்கும்? வேணாம்னு சொல்லிரு."

அன்றுதான் நான் முடிவு செய்தேன்.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் எனக்குப் பயிற்சி கொடுத்த சிங்கள மிஸ், கொஞ்ச நாளுக்கு முன் ஒரு பட்டியையும் பழைய மடிக்கணினியையும் இரவல் தந்திருந்தார். நெற்றியில் கட்டும் பட்டியில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. தலையைத் திருப்பினால் திரையில் அம்பு நகரும். ஓர் எழுத்தின்மேல் அசையாமல் நிறுத்தினால் அந்த எழுத்து விழும். அசையாமல் இருப்பதுதான் நான் பிறந்ததிலிருந்து செய்தே பார்க்காத வேலை.

"அவசரம் வேணாம் நங்கி, மெதுவா," என்பார் மிஸ். நங்கி என்றால் அவர் மொழியில் தங்கச்சி.

அம்பு மூலைக்கு ஓடி ஒளிந்துகொள்ளும். காலைக் குளிரில் கழுத்து கட்டையாக இறுகிக் கிடக்கும், வெயில் ஏறினால்தான் இளகும். பட்டி வேறு வழுக்கி மூக்கில் வந்து உட்காரும். அக்கா தன் பழைய பாவாடை எலாஸ்டிக்கை வெட்டி இறுக்கித் தைத்துக் கொடுத்தாள். கழுத்துக்குத் தைலம் தேய்த்து, "போதும் புள்ள, நாளைக்குப் பாப்போம்," என்பாள். நான் பட்டியைக் கழற்ற விடமாட்டேன்.

ஒரு வழியாக முழுதாக ஒரு வரி எழுதினேன்: 'எனக்குத் தேத்தண்ணிக்குச் சீனி வேணாம்.'

அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "இத்தன வருசமா அள்ளி அள்ளிப் போட்டேனே. ஏன் சொல்லல?"

'சொன்னேன். உனக்கு வேற மாதிரி வெளங்கிருச்சு.'

இருவரும் சிரித்தோம். சிரித்தால் என் உடம்பு தூக்கிப் போடும், திரையில் எழுத்தெல்லாம் சிதறியது. அது அடங்கியதும் அடுத்ததை எழுதினேன்: 'வலப்பனைக்குச் சரின்னு சொல்லு.'

அவள் முகம் மாறிவிட்டது. "என்னை வெரட்டுறியா?" என்று கேட்டுவிட்டு விறகுக்குப் போய்விட்டாள்.

அவள் திரும்பி வரும்வரை எழுதினேன். 'நீ பக்கத்துல இருந்தா எல்லாரும் உன்கிட்டதான் கேப்பாங்க. இனி என்கிட்ட கேக்கட்டும்.'

விறகைக்கூட இறக்காமல் வாசித்தாள். அன்று இரவே அம்மாவிடம் சரி என்று சொல்லிவிட்டாள். தை பிறந்ததும் கோயிலில் கல்யாணம் நடந்தது.

இப்போது ஹட்டனில் ஓர் அச்சகத்துக்குப் பிழை திருத்திக் கொடுக்கிறேன். அரசாங்கக் கந்தோர்களில் அலுவலுக்குப் போனால் என்னிடமே கேட்கிறார்கள். திரையில் பதில் வரும்வரை காத்திருக்கிறார்கள், சிலர் கொட்டாவி விட்டபடி.

போன தீபாவளிக்கு அக்கா பிள்ளைகளோடு வந்திருந்தாள். மடிக்கணினி சார்ஜில் கிடந்தது. உன் சின்னவன் உன்னைப் போலவே சிரிக்கிறான் என்று வாயாலேயே சொன்னேன்.

அவள் குனிந்து, "என்ன சொன்ன புள்ள?" என்றாள்.

திரும்பச் சொன்னேன். விளங்கவில்லை. அவள் கண் கலங்கிப்போய்க் கணினியை எடுக்க எழுந்தாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். ஒவ்வொரு சொல்லாக, மெதுவாக, மறுபடி தொடங்கினேன். எங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்திருந்த ஒரு பேச்சு எந்த வருசம் போனதென்றே தெரியாமல் போயிருந்தது. அக்கா எதிரில் உட்கார்ந்து, புது ஆள் ஒருத்தியைப் பார்ப்பதுபோல, என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.