அம்மா அடியெடுத்துக் கொடுத்த வெள்ளிக்கிழமைகள்

வெள்ளிக்கிழமை என்றால் எனக்கு இன்றும் கிராம்பு வாசம்தான். பஹ்ரைனின் மனாமாவில் விடுமுறையும் அன்றுதான், ஆராதனையும் அன்றுதான். பேராலயத்துக்குப் போகும் டாக்ஸியில் அம்மா ஒரு கிராம்பைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, உதடு மட்டும் அசைய, அன்றைய பாட்டுகள் அத்தனையையும் ஒருமுறை பாடிப் பார்த்துவிடுவார். அம்மா தமிழ்ச் சபைப் பாடகர் குழுவின் உதவித் தலைவர். தலைவர் தேவராஜ் அங்கிளுக்கு எண்ணெய் ஆலையில் "ஷிப்ட் டூட்டி". அவர் வந்தால் அம்மா இரண்டாம் வரிசையில் நிற்க வேண்டும். வராவிட்டால் முன்னால் போய் "அடியெடுத்துக் கொடுக்க" வேண்டும், அதாவது முதலடியைத் தனியாகப் பாடிச் சபைக்குச் சுருதி பிடித்துத் தர வேண்டும். எது என்பது மணி அடிக்கும்வரை தெரியாது.

அம்மாவின் கை ஜில்லென்று இருக்கும். அங்கிள் எப்படியாவது வந்துவிட வேண்டும் என்று ஜெபித்துக்கொண்டே இருப்பேன். காரணம் இருந்தது. ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனையில் அம்மா உச்சத்தில் எடுத்துவிட, இரண்டாம் அடிக்குள் சபையே மூச்சு முட்டி நின்றுவிட்டது. "கொஞ்சம் இறக்கி எடும்மா" என்று யாரோ உரக்கவே சொன்னார்கள். அம்மாவைவிட நான்தான் அதிகம் கூசிப்போனேன்.

அதற்குப் பிறகு அம்மா குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மாதக்கணக்கில் பழகினார். பெரிய வெள்ளியன்று மணி அடித்தும் அங்கிளைக் காணோம். அம்மா முன்னால் போனார். முதலடி தாழ்வாக, நடுங்காமல் வந்தது. சபை அப்படியே பிடித்துக்கொண்டது. எனக்குத்தான் அடுத்த பாட்டை நினைத்து உதறல். திரும்பிப் பார்த்தால், ஆலைச் சீருடையோடு கடைசி பெஞ்சில் அங்கிள் பாடிக்கொண்டிருக்கிறார்! பாட்டு முடிந்ததும் ஓடிப்போய் அவரைக் கூப்பிட்டேன்.

"அம்மாவே பாடட்டும் மக்கா, நல்லாத்தான பாடுதா" என்றார்.

நான் விடவில்லை. கையைப் பிடித்து இழுத்து, எல்லோரும் பார்க்க, முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். அம்மா புத்தகத்தை மூடிக்கொண்டு இரண்டாம் வரிசைக்குப் போய்விட்டார். அம்மாவைக் காப்பாற்றிவிட்டதாக எனக்கு ஒரே பெருமை.

இப்போதும் அதே பேராலயத்துக்குத்தான் போகிறேன். பாட்டுகள் திரையில் ஓடுகின்றன, சுருதியைக் கீபோர்டு கொடுத்துவிடுகிறது, உதவித் தலைவர் என்று யாரும் இல்லை. அங்கிள் எப்போதோ வேலை முடிந்து ஊருக்குப் போய்விட்டார், பிறகு அம்மாவும் போய்விட்டார். போன வாரம் போனில் பேச்சுவாக்கில் என் பழைய ஜெபத்தைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன்.

"அவரு வரணும்னா ஜெபம் பண்ணுன?" என்றார் அம்மா. "வரக்கூடாதுன்னுல்லா நான் பண்ணிட்டு இருந்தேன்."