மகள் போட்ட தொப்பி

மகளின் தலையிலிருந்த தொப்பியை நான் ஏன் பறித்தேன்?

இத்தாலியின் பலேர்மோவில், பழம்பொருள் விற்கும் ஒரு சின்யோரா அம்மணிக்காகப் பழைய ஜெர்மன் இராணுவத் தொப்பிகளை வீட்டிலிருந்து கையால் தைத்துச் சீராக்குகிறேன். நேற்று ஒன்றின் உள்தோலைப் பழைய ஊசித்துளைகள் வழியாகவே தைக்கையில் யாரோ ஒருவரின் வியர்வை மணத்தது.

சின்ன வயதில், சண்டைக்காலத்தில், யாழ்ப்பாணத்தில் எங்கள் வேலியோரம் கிடந்த ஆமித் தொப்பியிலும் இதே மணம்தான். ஆசையாகப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் ஓடினேன். அம்மா பறித்து அடுப்பில் திணித்தார்.

"ஆரும் கண்டவையோடி?"

கருகல் மணம் அடங்கும்வரை வாசல் படலையையே பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பியைத் தேடி ஆமிக்காரர் யாரும் வரவில்லை.

தையலிலிருந்து நிமிர்ந்தேன். தைத்து முடித்த இன்னொரு தொப்பியோடு மகள் கண்ணாடி முன் நின்றாள்.

"அம்மா, நான் பெல்லாவோ? வடிவோ?"

பறித்துவிட்டேன்.

"ஏனம்மா?" என்று அழுதாள். நான் என் அம்மாவிடம் அதைக் கேட்டதேயில்லை.

பயத்தைக் கொடுக்காமல் காரணத்தை மட்டும் எப்படிச் சொல்வது? பிள்ளை வளர்த்தவர்கள் எழுதுங்கள்.