பயப்பட வேண்டாம் என்று எழுதினேன்

மழை வரும் முன்பே செல்போனில் எச்சரிக்கும் செயலி அது. அதைத் திறந்ததும் தெரியும் வரவேற்பு வரிகளை நான்தான் எழுதினேன்.

மலைமேல் சோளக்காடு சந்தையில் அதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பலாப்பழம் விற்ற ஓர் அக்கா, "ஊட்டு வாசல்ல மொளகு காயுதுங்க, எனக்கும் போட்டுக் குடுங்க" என்று செல்லை நீட்டினார். போட்டுக் கொடுத்தேன். முதல் வரியை நிதானமாக வாசித்தார்: "பயப்பட வேண்டாம், உங்கள் விவரங்கள் பத்திரமாக இருக்கும்."

"அப்ப பயப்படறதுக்கு என்னமோ இருக்குதுங்க. வேண்டாங்க, எடுத்துருங்க" என்றார்.

எடுத்துவிட்டேன். பஸ்ஸில் பாதி மலை இறங்கியபோது என் செல்லில் எச்சரிக்கை வந்தது. அவரைக் கூப்பிட என்னிடம் நம்பர் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஜன்னலில் மழை அறைந்தது.

இப்போது முதல் வரி, "மழை வருமுன் சொல்கிறோம்" என்பதுதான். அந்த அக்காவுக்கு நான் சொல்லவில்லை.